இல்லாத கட்டப்பனைக்காரன்

நடந்தது, நடந்த வரிசையில்:

1. அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார்.

2. நான்கு ஆண்டுகள் கழித்து அப்பா இறந்தார். அதுவரைக்கும் பேசவில்லை.

3. சாவு வீட்டில் நான் அழவில்லை.

4. கோயம்புத்தூரில் பார்த்த வேலையை வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு, அம்மாவோடும் தங்கையோடும் இருப்பதற்காகக் காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பினேன்.

5. எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. இதயம், தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன.

6. தேனியில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். சில வாரங்களுக்குப் பிறகு போனிலேயே தொடர்ந்தோம். வீட்டில் பேச இடமில்லாததால் எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து பேசினேன்.

7. பழம் வெட்ட வந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு ஒரு காதலன் இருக்கிறான் என்று ஊர் சொன்னது.

8. அம்மா கேட்டாள். காதலன் இல்லை, மனதுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன்.

9. அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, காதலனே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தாள்.

என் வேலை மென்பொருள் சோதனை. ஒரு பிழையைக் கண்டால் அதற்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று படிப்படியாக எழுதி, கீழே இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. மேலே உள்ளதற்கு நடந்தது என்ன என்று எழுதிவிட்டேன். எதிர்பார்த்தது என்ன என்ற வரியில்தான் எப்போதும் நின்றுவிடுகிறேன். அப்பா ஒரு நாள் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அதை எழுதினால் சிறு பிள்ளை எழுதியது போலிருக்கிறது.

அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லாவிட்டால் ஊர் சொல்லும். குடித்ததில்லை, அடித்ததில்லை. என்னை எஞ்சினியரிங் படிக்க வைத்ததும் அவர்தான். ஊரில் அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் தகராறு, மாமன் மச்சானுக்குள் வரப்புத் தகராறு என்று பேச்சுவார்த்தை இல்லாமல் போனால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, "மனுசன் எம்புட்டு நாளைக்கு இருக்கப் போறோம்? ஒரு வார்த்த பேசிப்புடுங்கப்பா" என்பார். பேசிவிடுவார்கள். அப்படிச் சேர்த்து வைத்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்கள் வீட்டு விசேஷங்களில் முதல் பந்தியில் அப்பா உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் அவர் என்னிடம் பேச வேண்டியதை அம்மாவிடம் பேசினார். நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன். "அவளச் சாப்பிடச் சொல்லு" என்பார் அம்மாவைப் பார்த்து. அம்மா என் பக்கம் திரும்பி, "சாப்பிடச் சொல்றாக" என்பாள். இடையில் இருந்தது ஒரு பாய் அகலம். நான் பதில் சொன்னால் அதையும் அம்மா திருப்பிச் சொல்லுவாள். "பசிக்கலையாம்." அவர் அதற்கு மறுபடி ஏதாவது சொல்லுவார். இப்படி ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் இரண்டு முறை சொல்லப்பட்டது. வந்து பார்க்கிற யாருக்கும் இதில் விசேஷமாக எதுவும் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஆண்கள் இப்படிப் பேசுவது உண்டு. கோபம் என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டார்கள். வைராக்கியம் என்பார்கள், சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

இதில் என்னால் தாங்க முடியாதது ஒன்று உண்டு. அத்தை என்னை ஒரு வருடத்துக்குள் மன்னித்துவிட்டாள். அவள் மகனுக்குப் போடியில் பெண் எடுத்தார்கள், பேரப்பிள்ளையும் வந்துவிட்டது. அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "அது கெடக்கு விடு ஆத்தா. எம் மருமகளா வர ஒனக்குக் குடுத்து வைக்கல" என்று சிரித்தாள். யாருக்காக அப்பா என்னோடு பேசவில்லையோ அவர்களே பேசிவிட்டார்கள். அவர் மட்டும் பேசாமலே இருந்தார். பேசாமலிருப்பதற்குக் காரணம் தீர்ந்துபோன பிறகு, அது வெறும் பழக்கமாக மிஞ்சியது என்று நினைக்கிறேன். என்னை ஒரு பழக்கமாக வைத்துக்கொண்டார்.

நெஞ்சு வலி என்று கம்பத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் கோயம்புத்தூரிலிருந்து வந்தேன். அவர் எல்லோரிடமும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்கு மருந்தடிக்கச் சொல்லிவிட்டார். தங்கையிடம் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். சாயங்காலம் நர்ஸ் கொடுத்த மாத்திரையைத் தண்ணீரோடு அவரிடம் நீட்டினேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

"மாத்திரைய அங்கன வைக்கச் சொல்லு."

அம்மா என்னிடம், "அங்கன வைடி" என்றாள். வைத்தேன். மறுநாள் காலையில் இறந்துவிட்டார். என்னைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் அதுதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வரும் பெண்கள் முதலில் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டு, தலையைத் தலையோடு சேர்த்து. புதிதாக ஒரு வண்டியில் ஆள் வந்து இறங்கினால் அழுகை மறுபடி தொடங்கும். நானும் அந்த வட்டத்தில் இருந்தேன். என் கைகள் மற்றவர்கள் தோளில் கிடந்தன. கண் காய்ந்திருந்தது. எனக்குப் பின்னால் ஒருத்தி, "மூத்தவ கல்லு மாதிரி இருக்கா பாரு" என்றாள். இன்னொருத்தி, "படிச்ச பிள்ளைல்ல, கண்ணீரக்கூட மிச்சம் பிடிக்கிறா" என்றாள். வட்டத்திலேயே யாரோ மூக்கைச் சிந்தும் சாக்கில் சிரித்தார்கள்.

நான் கல்லாக இல்லை. உள்ளே ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அது துக்கம் இல்லை. செத்துக் கிடக்கும் தகப்பன் முன்னால் துக்கம் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது. அதன் பெயர் அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அங்கே சொல்லியிருக்க முடியாது.

மூச்சு முட்டல் பிறகு வந்தது. முதல் முறை, வீட்டிலிருந்து இணையத்தில் கலந்துகொண்ட அலுவலகக் கூட்டத்தில். என் முறை வந்து, நேற்று என்ன செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. விரல் நுனிகள் மரத்தன. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாக நம்பினேன். கம்பத்து டாக்டர் எல்லாச் சோதனைகளையும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்றார். அம்மா தெருவில் எல்லோரிடமும் அதைச் சொன்னாள். "ஒண்ணும் இல்லன்னுட்டாக." என் கையில் மந்திரித்த கயிறு ஒன்றும் ஏறியது. அடுத்த வாரம் மறுபடி முட்டியது. மூன்றாம் முறை போனபோது அந்த டாக்டரே தேனியில் ஒரு இடத்தைச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அந்தத் தணிந்த குரலிலேயே எனக்குப் பாதி நோய் சொல்லப்பட்டுவிட்டது.

அங்கே வெளியே வெறும் 'ஆலோசனை மையம்' என்று பலகை இருந்தது. முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனார், "பாப்பா, நர்சிங்குக்கு எந்தக் காலேசு நல்லது?" என்று கேட்டார். படிப்பு ஆலோசனை என்று நினைத்து மகளோடு வந்துவிட்டார். அவர் விவரம் தெரிந்து எழுந்து போன வேகத்தை மறக்க முடியாது. மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஆலோசகர் நாற்பது வயதுப் பெண். நான் என் அறிகுறிகளை எண் போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எதிரே எழுதித் தருவார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க வீட்டுல கோபம் வந்தா என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

"யாரும் கோபப்பட மாட்டாங்க."

"அப்பா?"

"பேச மாட்டாரு. அவ்வளவுதான்."

"நீங்க?"

"எனக்குக் கோபமே வராது மேடம்."

அவர் அடுத்த வாரத்துக்கு நேரம் எழுதிக் கொடுத்தார். நான் பேருந்தில் திரும்பும்போது எரிச்சலாக இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று. சின்னமனூர் தாண்டும்போதுதான் தோன்றியது, இந்த எரிச்சல் கோபம்தானே என்று. அவர் மேல் கோபப்பட முடிகிறது. அப்படியென்றால் எனக்கு வரும்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் சொல்லப் போவதில்லை. மனநல ஆலோசனை என்றால் மனசு லேசாகும் என்று சொல்கிறார்கள். எனக்கு முதலில் கனத்தது. பெயர் இல்லாமல் கிடந்ததற்குப் பெயர் வந்தது. நான் செத்துப்போன தகப்பன் மேல் கோபமாக இருக்கும் மகள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். எப்படித் தீர்ப்பது, எத்தனை வாரம் ஆகும். "அதத் துரத்தாம கொஞ்ச நாள் கூட வச்சிருந்து பாருங்க" என்றார். வாடகைக்கு வந்தவனைப் பற்றிச் சொல்வது போல் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று இரவு மூச்சு முட்டவில்லை.

தேனிக்குப் போய்வர அரை நாள் போனது. போனில் பேசலாம் என்றார். எங்கள் வீட்டில் சுவர்கள் உண்டே தவிர தனிமை கிடையாது; கதவைச் சாத்தினால் "எதுக்குடி சாத்துற?" என்று திறப்பார்கள். மோட்டார் ரூம் தோட்டத்து நடுவில் இருக்கிறது. சிக்னலும் நன்றாக இருக்கும். காலையில் அலுவலகம் தொடங்குவதற்கு முன் வாரம் ஒரு நாள் அங்கே போனேன். தலைக்கு மேல் பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை. உள்ளே மருந்து டப்பா, பழப்பெட்டி, கிரீஸ் வாடை.

ஒரு நாள் அவர் ஒரு பயிற்சி சொன்னார். எதிரே காலியாக ஏதாவது ஒன்றை வையுங்கள், அதில் அப்பா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, கேட்க நினைத்ததைக் கேளுங்கள் என்று. ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது. பிறகு கேட்டேன். "நாலு வருசம் ஏன் பேசல? நான் என்ன தப்புப் பண்ணுனேன்? ஒரு வார்த்த பேசியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?" பழப்பெட்டி பேசவில்லை. அந்த வகையில் அது அப்பாவாகவே இருந்தது. நான் அழுதேன். சாவு வீட்டில் வராத அழுகை, மருந்து வாடைக்கு நடுவே வந்தது.

அன்று பழம் வெட்டு என்பது எனக்குத் தெரியாது. ஆட்கள் வெள்ளென வந்துவிட்டார்கள். பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்கிறவர்களை மோட்டார் ரூமிலிருந்து பார்க்க முடியாது. அவர்களுக்கு நான் நன்றாகத் தெரிவேன்.

மதியத்துக்குள் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"மதினி, ஒம்மக காதுல வயர மாட்டிக்கிட்டு மோட்டார் ரூமுல ஒக்காந்து அழுகுறாளாம். பழம் வெட்டுற பொம்பளைக பூராம் பாத்திருக்காக. எம் மவன வேணாம்னாளே, அப்பமே நான் நெனச்சேன், வேற எவனோ இருக்கான்னு."

அத்தை போன பிறகு அம்மா அடுப்படியில் என்னை நிறுத்தினாள். தங்கை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருப் பய?"

"பய யாரும் இல்லம்மா."

"பொய் சொல்லாத. அழுதியாம்ல."

சொன்னேன். மூச்சு முட்டலில் ஆரம்பித்து, தேனி, ஆலோசகர், போன் எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது எந்த இடத்தில் என்றுகூடச் சொல்ல முடியும்.

"அப்பாவப் பத்தியா பேசுன?"

"ஆமா."

"வெளியாள்கிட்ட?"

"அவங்க டாக்டர் மாதிரிம்மா."

"அவுக செத்து வருசம்கூடத் திரும்பல. மண்ணுக்குள்ள இருக்கிற மனுசனப் பத்தி ஊரு பேரு தெரியாதவகிட்ட குத்தம் சொல்லி அழுதிருக்க." கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இதுக்கு எவனையாச்சும் காதலிச்சிருந்தாக்கூடத் தேவலடி."

கோபத்தில் சொன்னது என்று நினைத்தேன். இல்லை. அம்மா அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். தங்கைக்குச் சின்னமனூரிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. அப்பாவுக்கு வருடம் திரும்பட்டும், வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"காதல்னா நாலு வீட்டுல நடக்குறதுதான். திட்டுவாக, மறந்துருவாக. மனசு வைத்தியம்னா பைத்தியம்பாக. அக்காளுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்கும்பாக. இவளுக்கு எவன் வருவான்?"

தங்கை நறுக்குவதை நிறுத்தியிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மா சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று என்னாலும் காட்ட முடியவில்லை. அந்த ஆலோசனை மையப் பலகைக்குக் கீழே மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போன மனிதரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மா அத்தையிடம் சொன்னாள். பையன் கேரளாப் பக்கம் கட்டப்பனைக்காரன். ஏலக்காய்த் தோட்டம். அவன் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் பேசி அறுத்துவிட்டாச்சு. ஏன் கட்டப்பனை என்று பிறகு கேட்டேன். "உள்ளூருப் பயன்னா எவன்னு தேடுவாக. மலைக்கு அங்கிட்டுன்னா எவ போயிப் பாக்கப் போறா?" என்றாள். நான் பல வருடம் சோதனை வேலை செய்திருக்கிறேன். இவ்வளவு ஓட்டையில்லாத ஏற்பாட்டைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஊர் என்னிடம் காட்டிய அன்பைச் சொல்ல வேண்டும். அப்பா செத்தபோது கல் என்று சொன்னவர்களே பேருந்து நிறுத்தத்தில் என் தலையைத் தடவினார்கள். "கெட்ட கனவா நெனச்சு மறந்துரு ஆத்தா." பழம் வெட்டுகிற ஒரு அக்கா நல்ல குலையாகப் பார்த்து வெட்டி என் மடியில் போட்டாள். "தின்னு. நல்ல பொண்ண விட்டுப்புட்டு அந்த மலையாளத்தான் எங்கன போயி முட்டிக்கிடப் போறானோ." அவளோடு வந்தவள் விடவில்லை. "ஏத்தா, பய செவப்பா?"

"தெரியாது" என்றேன். உண்மைதானே.

"தெரியாதா? அம்புட்டு நாளும் போனுல மட்டுமா? இது என்னா காதலுடி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. ஏமாந்துபோன பெண்ணுக்கு ஊரில் ஓர் இடம் இருக்கிறது. அவள் அழலாம், சாப்பிடாமல் கிடக்கலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். இப்போது நான் கதவைச் சாத்தினால் அம்மா திறப்பதில்லை. இல்லாத ஒருவனுக்காக நான் வருத்தப்பட எல்லோரும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இருந்த ஒருவர் மேல் கோபப்படத்தான் அனுமதி இல்லை.

ஆலோசகரிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார்.

"நிம்மதியாத்தான் இருக்கு. யாரும் எதுவும் கேக்கறதில்ல."

"நிம்மதி யாருக்கு?"

முன்பு எனக்கு மாப்பிள்ளையை வீட்டார் பேசி முடித்தார்கள். இப்போது என் பிரிவையும் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். நான் என்ன உணர வேண்டும் என்பது எப்போதும் எனக்கு முன்பே அடுப்படியில் முடிவாகிவிடுகிறது. உங்களை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தேனியில் அந்த அறையில் ஆலோசகர் முன்பு சொன்னது சரிதான். ஏற்றுக்கொள்வதற்கு முதலில் அது என் பெயரில் இருக்க வேண்டும். இங்கே என் அழுகை ஒரு கட்டப்பனைக்காரன் பெயரில் இருந்தது.

அப்பாவின் வருடத் திதிக்குக் கூட்டம் வந்தது. சின்னமனூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். கட்டப்பனைக் கதை அவர்கள் காதுக்கும் போயிருந்தது. தங்கைக்குப் பார்த்த பையனின் அம்மா, "இந்தக் காலத்துப் பிள்ளைக, அதெல்லாம் என்னா" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். அம்மா போட்ட கணக்கு சரியாகவே இருந்தது.

படையல் முடிந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வாசலில் ஆண்கள். அவர்களில் ஒருவர், தம்பியோடு பேச்சில்லாமல் இருந்து அப்பா சேர்த்து வைத்தவர், படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்களப் பேச வச்சது அண்ணன்தேன். மனுசன் எம்புட்டு நாளைக்கு இருக்கப் போறோம், பேசிப்புடுங்கன்னாக. அவுக மாதிரி இனி எவன் இருக்கான்?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்க்கவில்லை. சத்தமாக, அசிங்கமாக வந்தது. என் தோளில் கை போட்டிருந்த அத்தை என்னை இறுக்கிக்கொண்டாள். பின்னால் யாரோ மெதுவாக, "பாவம், அந்தப் பயல நெனச்சு அழுகுது" என்றார்கள்.

அது எனக்குக் கேட்டது. அத்தையின் காதோடு சொன்னேன். "அத்தே, அப்பிடி ஒருத்தனே இல்ல. அம்மா சொன்னது பொய். எனக்கு எங்கப்பா மேல கோவம். அதுக்குத்தான் அழுகுறேன்."

அத்தையின் கை ஒரு நொடி தளர்ந்தது. அப்பா எதற்காக என்னோடு பேசவில்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தலையைத் தன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எவனையும் நெனச்சு அழுகல. அவ அப்பன நெனச்சு அழுகுறாத்தா! எங்க அண்ணன நெனச்சு அழுகுறா!"

வட்டம் முழுக்க அழுகை எழுந்தது. கடைசியில் மூத்தவள் அழுதுவிட்டாள் என்று எல்லோருக்கும் நிறைவாக இருந்தது. நான் சொன்னதில் பாதியை அத்தை எடுத்துக்கொண்டாள். 'அப்பா' என்பதை எடுத்துக்கொண்டு, 'கோவம்' என்பதை மீனில் முள்ளை ஒதுக்குவது போல ஒதுக்கிவிட்டாள். அவள் மார்பில் என் வாய் அழுந்தியிருந்தது. மறுபடி சொல்ல முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அத்தை அம்மாவிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். அம்மா உள்ளே வந்தபோது அவள் முகம் அவமானத்தில் சிவந்திருந்தது.

"ஒனக்கு இப்ப திருப்தியா?"

"இல்லம்மா."

"என்னத்துக்கு அவகிட்ட சொன்ன? ஊரு பூராம் நான் பொய்க்காரியா?"

"அப்பா நாலு வருசம் எங்கிட்ட பேசல. நான் எதுத்தாப்புல நிப்பேன். நீ ரெண்டு பக்கமும் சொல்லுவ. ஒரு நாளாச்சும், ஒரே ஒரு நாள், 'நீங்களே அவகிட்ட சொல்லுங்க'ன்னு நீ சொல்லியிருந்தா?"

அம்மா அதை எதிர்பார்க்கவில்லை. எனக்கும் அது அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. கோபம் அப்பாவோடு முடியவில்லை.

"நான் சொல்லலேன்னா அவுக அந்தப் பேச்சையும் நிறுத்தியிருப்பாக" என்றாள் அம்மா. "நீ சாப்பிட்டியா இல்லையான்னாச்சும் கேட்டாகள்ல. எடையில நின்னு நான் பட்டது ஒனக்கு எங்க தெரியும்?"

அது உண்மையாக இருக்கலாம். அது உண்மை என்பதால் என் கோபம் குறையவில்லை. முன்பென்றால் குறைந்துவிட்டதாக நடித்திருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், பிறகு மூச்சு முட்டியிருக்கும். அன்று நான் நின்றுகொண்டே இருந்தேன். மூச்சு சீராக இருந்தது.

அம்மா இலை போட்டாள். சோறு வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், தங்கை பக்கம் திரும்பினாள்.

"அவளச் சாப்பிடச் சொல்லு."

குரல் அம்மாவுடையது. மற்ற எல்லாம் அப்பாவுடையது. தங்கை கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அத்தையிடம் நான் சொன்னது அவள் கல்யாணத்தையே கெடுத்திருக்கலாம். என்னைத் திட்ட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"நீயே சொல்லும்மா. இங்கனதான நிக்கிறா."

அம்மா சொல்லவில்லை. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். திதிச் சாப்பாடு, அப்பாவுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்திருந்தார்கள். நன்றாக இருந்தது.

இப்போதைய நிலை இது. அம்மா இன்னும் என்னிடம் நேராகப் பேசவில்லை. தங்கை தூது போவதில்லை. அதனால் எங்கள் வீட்டில் சில வாக்கியங்கள் யாருக்கும் சொல்லப்படாமல் நின்றுவிடுகின்றன. சின்னமனூர்க்காரர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன நாள் தள்ளிப் போயிருக்கிறது, காரணம் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேர் கட்டப்பனைக்காரனை நம்புகிறார்கள்; மீதிப் பேர் நான் அப்பா மேல் பாசமான பிள்ளை என்கிறார்கள். ஆலோசகரோடு வாரம் ஒரு நாள் பேசுகிறேன், மோட்டார் ரூமில் இல்லை, வீட்டில், என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. மூச்சு முட்டல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அப்பா மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.